மணிக்கட்டும் மனமும்

மாலை மயங்குகிறது வளையமாதேவியில். வயலிலிருந்து திரும்பிய தாய் அடுப்பு மூட்டுகிறாள். திண்ணையிலே, சுவரோடு சாய்ந்து, கையளவுக் கண்ணாடியிலே கண் பதித்திருக்கிறாள் மகள். கல்லூரி முடிந்து பேருந்தில் நின்றபடியே வந்த களைப்பு முகத்தில் இருக்கிறது. ஆனால், கண்களிலோ கண்ணீர்!

"ஏம்மா, என்னா ஆச்சு? கண்ணு கலங்குதே!" பதறுகிறாள் ஆயா.

"ஒண்ணுமில்ல ஆயா. ரெண்டு பேரையும் பிரிச்சுட்டாங்க!"

யார் அந்த இருவர்? பக்கத்துத் தெருவினரா? பண்ணுருட்டிக்காரரா? இல்லை! அவன் சியோல் நகரத்துச் சீமான் வீட்டுச் செல்வன். அவள் அதே நகரத்தில் சலவைக்கடை நடத்துபவரின் மகள். கொரிய நாட்டுக் கதாசிரியர் கற்பனையில் படைத்த காதலர் இருவருக்காக, கடலூர் மாவட்டத்துச் சிற்றூர்த் திண்ணையிலே சிந்துகிறது கண்ணீர்!

நகைக்கவில்லை நாம். கற்பனைக்காகக் கண்ணீர் விடுவது குற்றமல்ல. கல்லாய்ச் சமைந்திருப்பதே குற்றம். ஆனால், ஒன்று கேட்கிறோம்: அந்தக் கண்ணீர் சியோலுக்கு மட்டும்தான் செல்லுமா, சேத்தியாத்தோப்புக்கும் வருமா? திரையிலே பிரிக்கப்பட்டோருக்கு இரங்கும் நெஞ்சம், தெருவிலே பிரிக்கப்படுவோருக்கும் இரங்குமா? இந்தக் கேள்வியைக் கேளாமல், கொரியத் தொடர் நல்லதா கெட்டதா என்று வழக்காடுவது, கிணற்றிலே நீர் உண்டா என்று பாராமல் வாளியின் நிறத்தைப் பற்றி வாதாடுவது போன்றதாகும்.

கொரியத் தொடர்கள் நேற்று வந்தவையல்ல. 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுயுகம் தொலைக்காட்சி, அவற்றுக்குத் தமிழ்க்குரல் கொடுத்து வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்தது. பின்னர், நெட்பிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் உள்ளங்கைக்கே கொண்டுவந்துவிட்டன. இன்று, ஆசிரியர் ஓய்வறையிலே, பேருந்திலே, விடுதியிலே, நாற்று நடும் இடைவேளையிலே கூட, அந்தக் கதைகளின் நாயகியரைப் பற்றிய வழக்குகள் நடைபெறுகின்றன. கேட்டிருக்கிறோம் அவற்றை. மூன்று அணியினர் மோதுகின்றனர் அந்த மன்றத்திலே.

முதல் அணி, முதியோர் அணி. "அந்த நாட்டுக் கூத்தைப் பார்த்துப் பார்த்து நம் பெண்கள் கெட்டுப்போகிறார்கள். காதலாம், கத்தரிக்காயாம்! நம் பண்பாடு என்னாவது?" என்று பொருமுகின்றனர்.

இரண்டாம் அணி, நாயகியை நிறுத்துப் பார்க்கும் அணி. "அவள் ஏன் இப்படி அழுதுகொண்டே இருக்கிறாள்? ஏன் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறாள்?" என்று ஒரு நாள் கேட்கும் அதே வாய், மறுநாள் வேறு தொடரைப் பார்த்து, "இவள் ஏன் இவ்வளவு வாயாடுகிறாள்? இத்தனை வீறாப்பு பெண்ணுக்கு ஆகுமா?" என்று கேட்கும்.

மூன்றாம் அணி, நாயகனைப் போற்றும் அணி. "முரடன்தான், ஆனால் மனம் தங்கம்! அவன் கோபத்திலே காதல் இருக்கிறது. அவள் பொறுத்துக்கொண்டால் திருந்திவிடுவான்!" என்று உருகும்.

மூன்று அணியும் மோதிக்கொள்கின்றன, உண்மை. ஆயினும், மூன்றுக்கும் அடித்தளம் ஒன்றே என்கிறோம் நாம். மூவரும் பெண்ணைப் பற்றிப் பேசுகின்றனர். பெண்ணின் சொல்லைப் பற்றி எவரும் பேசுவதில்லை! அவள் அழுகிறாளா, அடங்குகிறாளா, அழகாயிருக்கிறாளா என்று பார்க்கிறார்களே தவிர, அவள் 'வேண்டும்' என்றபோது அது நடந்ததா, 'வேண்டாம்' என்றபோது அது நின்றதா என்று பார்ப்பதில்லை. காதலுக்கு வேறென்ன இலக்கணம் இருக்கிறது, தோழர்களே? ஒருத்தியின் 'வேண்டும்' என்ற சொல்லும், 'வேண்டாம்' என்ற சொல்லும் செல்லுபடியாகும் இடத்திலேதான் காதல் இருக்கிறது. அவை செல்லாத இடத்திலே இருப்பது காதலல்ல, காவல், அன்பல்ல, ஆட்சி!

முதலில், பண்பாட்டுக் காவலர்களுக்குப் பதில் கூறுவோம்.

கொரியர்களும் 'அம்மா', 'அப்பா' என்றே அழைக்கிறார்கள் என்று கேட்டுப் பூரித்துப் போகிறோமல்லவா? பூரிக்கட்டும். ஆனால், அந்த 'அப்பா'வின் ஆட்சி அங்கே எப்படி இருந்தது, எப்படி வீழ்ந்தது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டாமா? மணமாகுமுன் தந்தைக்கு, மணமானபின் கணவனுக்கு, கணவன் மறைந்தபின் மகனுக்கு அடங்கி நடக்கவேண்டும் பெண் — இது கன்பூசியத்தின் பெயரால் கொரியப் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட மூவகைக் கீழ்ப்படிதல். எங்கேயோ கேட்ட குரல் போல் இருக்கிறதல்லவா? ஆம்! இளமையில் தந்தையும், பருவத்தில் கணவனும், முதுமையில் மகனும் காக்க, பெண் தனித்து இயங்கத் தகாதவள் என்ற மனுவின் விதியேதான்! மொழி வேறு, நாடு வேறு, தாடி வேறு, விலங்கு ஒன்றே!

அந்த விதி ஏட்டிலே உறங்கவில்லை. கொரியாவின் சட்டத்திலேயே அமர்ந்திருந்தது. குடும்பத் தலைவர் முறை என்று ஒன்று. குடும்பம் முழுவதும் ஓர் ஆணின் பெயரின்கீழ்ப் பதிவு செய்யப்படும். அந்த ஆண் இறந்தால், தலைமை மகனுக்குச் செல்லும். மகன் பள்ளிக்குப் போகாத பாலகனாக இருந்தாலும், அவனைப் பெற்று வளர்க்கும் தாய் ஏட்டின்படி அவனுக்குக் கீழே! சோறூட்டுகிறாள் தாய், தலைவன் அவள் மடியிலே இருந்து உண்கிறான்! என்னே விந்தை! அந்நாட்டுப் பெண்கள் பல்லாண்டு போராடினர். 2005 பிப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த முறை ஆண் பெண் சமத்துவத்துக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2008 ஜனவரி முதல் நாளன்று குடும்பத் தலைவர் பதிவேடு மறைந்தது.

பண்பாடு அழிந்ததா? கொரிய மொழி மாண்டதா? அந்நாட்டார் உணவை மறந்தனரா, உடையை மறந்தனரா? இல்லை! அதற்குப் பிறகுதான் அவர்தம் கதைகளையும் பாடல்களையும் உலகமே விரும்பிக் கேட்கிறது. பெண்ணின் விலங்கைக் கழற்றினால் பண்பாடு கழன்று விழும் என்றால், அது பண்பாடல்ல, துருப்பிடித்த பூட்டு!

கொரியா சொர்க்கம் என்று கூற வரவில்லை நாம். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பிலேயே ஆண் பெண் ஊதிய வேறுபாடு மிகப் பெரிதாக, ஏறத்தாழ 30 விழுக்காடாக இருப்பது அங்கேதான். திரையிலே தோன்றும் தேன்மொழி நாயகனைத் தெருவிலே காணோம் என்று அந்நாட்டுப் பெண்களே கூறுகின்றனர். ஆகவே, கொரியாவைப் பார்த்துக் கும்பிடு போடச் சொல்லவில்லை. கோயில் ஒன்றை இடித்துவிட்டு வேறொன்று கட்டுவது பகுத்தறிவாகாது. பாருங்கள், எடைபோடுங்கள், எது ஏற்கத்தக்கது என்று கேளுங்கள் என்கிறோம்.

எடைபோடுவோம் வாருங்கள், 'வேண்டாம்' என்ற சொல்லை முதலில் வைத்து.

2009இல் வெளிவந்தது 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்'. நம் திண்ணைப் பெண் கண்ணீர் விட்ட கதை அதுதான். சலவைக்கடைக்காரர் மகள் ஜான்டி. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலே, கொடுமை தாங்காமல் கூரையிலிருந்து விழ இருந்த மாணவனைக் காப்பாற்றி, அதனாலேயே அந்தப் பள்ளியில் இடம் பெறுகிறாள். பெரும் நிறுவனத்தின் வாரிசு ஜுன்பியோ, தனக்குப் பிடிக்காதவர் பெட்டகத்திலே சிவப்பு அட்டை ஒட்டி, பள்ளி முழுவதையும் அவர்மீது ஏவுகிறான். அவளுக்கும் அட்டை வருகிறது. அவள் அடங்கவில்லை, பாய்ந்து உதைக்கிறாள் அவனை! உதை வாங்கியவனுக்குப் பிறக்கிறது காதல்.

இதுவரை சரி. ஏழைப் பெண்ணின் தன்மானத்தைக் கண்டு செல்வன் மயங்குவது கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், அதற்குப்பின்? அவளைக் கேளாமல் ஆள்விட்டுத் தூக்கிவரச் செய்கிறான். அவளைக் கேளாமல் அலங்கரிக்கச் செய்கிறான். அவள் போக எழுந்தால் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிறான். ஆம், மணிக்கட்டு! கொரியத் தொடர்களைப் பார்ப்போர் யாவரும் அறிந்த காட்சி அது. ஒருவன் பிடித்து இழுப்பான், மற்றொருவன் மறு கையைப் பிடிப்பான், இசை எழும்பும், நடுவிலே நிற்பாள் நாயகி, கயிறிழுக்கும் போட்டியின் கயிறு போலே! பார்ப்போர் பரவசமடைவர். எந்தக் கை வெல்லும் என்று பந்தயம் கட்டுவர். அவள் எங்கே போக எழுந்தாள் என்று கேட்பவர் எவர்?

நாம் பள்ளி ஆசிரியர். சென்ற ஆண்டு ஒரு நாள், உணவு இடைவேளையில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் வகுப்பு மாணவியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். சுற்றி நின்றோர் கைகொட்டிச் சிரித்தனர். "சும்மா விளையாட்டு, கொரியன் சீரியல்ல வர்ற மாதிரி" என்றான் அவன், விசாரித்தபோது. கண்ணாடி வளையல் உடைந்து கீறியிருந்தது அந்தக் குழந்தையின் கையை. மருந்திட்டோம். வலிக்கிறதா என்று கேட்டோம். அவள் சொன்னாள்: "விடுன்னு மூணு தடவ சொன்னேன். யாருமே கேக்கல." கீறல் இரண்டே நாளில் ஆறிவிட்டது. அந்த 'யாருமே கேக்கல' என்ற சொல் இன்னும் நம் செவியிலே ஆறவில்லை. அந்தச் 'யாருமே'யிலே, அவள் அழைத்தபோது ஓய்வறையிலே கதை பேசிக்கொண்டிருந்த நாமும் இருக்கிறோம்!

மாணவன் கொடியவனா? அல்ல. கற்ற பாடத்தைச் செய்து காட்டினான், அவ்வளவே. கொரியத் தொடர்தான் அந்தப் பாடத்தைக் கற்பித்தது என்று கூறிக் கை கழுவவும் முடியாது நம்மால். வேண்டாம் என்றவள் பின்னாலேயே பேருந்து நிறுத்தம்வரை செல்வதும், அவள் திட்டினால் அதையே வரம் என்று கொண்டாடுவதும், இறுதியில் அவள் புன்னகைப்பதும் நம் தமிழ்த் திரைப்படங்கள் தலைமுறை தலைமுறையாகக் கற்பித்த பாடமல்லவா?

கொரியாவிலே ஒரு பழமொழி உண்டு: பத்து முறை வெட்டினால் விழாத மரமில்லை என்பது. காதலுக்கு முயலும் வாலிபனுக்கு அதைச் சொல்லி ஊக்கமூட்டுவர். நம்மிடமும் இருக்கிறது: அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும்! தோழர்களே, கேட்கிறோம்: பெண் மரமா, வெட்டிச் சாய்ப்பதற்கு? பெண் அம்மியா, அடித்து நகர்த்துவதற்கு? உழைப்புக்குச் சொன்ன பழமொழியை உள்ளத்துக்குச் சொன்னது யார்?

இதன் விளைவு என்ன என்று கேட்பீராயின், இரண்டு நிலையங்களைக் காட்டுகிறோம். 2022 செப்டம்பரில், சியோல் நகரின் சிந்தாங் சுரங்க இரயில் நிலையத்திலே, பணியிலிருந்த பெண் ஊழியர் கொல்லப்பட்டார். கொன்றவன், அவரைப் பல காலம் பின்தொடர்ந்து தொல்லை தந்த முன்னாள் சக ஊழியன். ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து, 2022 அக்டோபரில், சென்னைப் பரங்கிமலை இரயில் நிலையத்திலே, கல்லூரி மாணவி ஒருவர் ஓடிவந்த வண்டியின் முன்னே தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளியவன், அவரைப் பின்தொடர்ந்து வந்தவன். 2024 டிசம்பரில் மகளிர் நீதிமன்றம் அவனைக் கொலைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. இரண்டு நாடு, இரண்டு நிலையம், ஒரே குற்றம். இருவரும் செய்த பிழை என்ன? 'வேண்டாம்' என்று சொன்னது!

பின்தொடர்தலைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் இந்தியாவில் 2013இல் வந்தது. கொரியாவில் 2021 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை அங்கே அது சில்லறை அபராதத்தோடு தீர்ந்துபோகும் சிறு குற்றம். சட்டம் வந்துவிட்டது இரு நாட்டிலும். ஆனால், காவல்நிலையத்துக்குச் சட்டம் வருமுன்னே, கதைக்குள்ளே நீதி வரவேண்டாமா? 2019இல் வந்த 'நேர்கொண்ட பார்வை' திரைப்படத்திலே, பெண் வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று நீதிமன்றத்திலே நாயகன் முழங்கியபோது, அரங்கம் அதிரக் கைதட்டினோம். கைதட்டிய கைகள், மறுநாள் வேறொரு படத்திலே மணிக்கட்டைப் பிடிக்கும் நாயகனுக்கும் தட்டுகின்றனவே! கைகளுக்கு நினைவாற்றல் இல்லையா?

இரண்டாம் அணியாரை இப்போது விசாரிப்போம். நாயகன் முரடனாயிருந்தால், 'இளமையில் தாயன்பு கிட்டவில்லை, பாவம்' என்று காரணம் தேடித் தருகிறீர்கள். நாயகி உரக்கப் பேசினால், 'அடங்காப்பிடாரி' என்கிறீர்கள். அவன் மனம் மாறினால் வளர்ச்சி. அவள் மனம் மாறினால் சபலம். அவன் இருவரை விரும்பினால் தவிப்பு. அவள் இருவரிடையே தயங்கினால் தகாதவள். ஒரே கடையிலே இரண்டு படிக்கல் வைத்து எடைபோடுபவனை ஊர் என்ன சொல்லும்? அதைத்தான் உங்களையும் சொல்லவேண்டியிருக்கிறது!

கொரியப் பார்வையாளரே இந்தப் படிக்கல்லை மெல்ல மாற்றியிருக்கிறார்கள். 2005இலேயே, கிம் சாம்சூன் என்ற நாயகி வந்தாள்: முப்பது வயதை எட்டியவள், பருத்த உடல், அப்பம், பணியாரம் சுட்டுப் பிழைக்கும் தொழிலாளி, மனத்தில் பட்டதைப் பட்டென்று சொல்பவள். அந்தத் தொடரின் இறுதிப் பகுதி, அந்நாட்டில் 50 விழுக்காட்டையும் தாண்டிய பார்வையைப் பெற்றது. கொடியிடையும் குனிந்த தலையும் இல்லாவிட்டால் மக்கள் பார்க்கமாட்டார்கள் என்ற வியாபாரிகளின் வாதம் அன்றே செத்தது. 2019இல், கணவனின்றிப் பிள்ளையை வளர்த்து, மதுக்கடை நடத்திப் பிழைக்கும் தோங்பேக் என்ற தாய் நாயகியானாள், 'வென் த கமீலியா ப்ளூம்ஸ்' என்ற தொடரிலே. ஊர் வாய் அவளைக் கடித்துக் குதறியது. கதை அவளைத் தலைநிமிர வைத்தது. அதே ஆண்டின் இறுதியில் தொடங்கிய 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ'விலே, சொந்த முயற்சியில் நிறுவனம் நடத்தும் பெண்ணுக்கு, இராணுவ அதிகாரியான நாயகன் நூடுல்ஸ் சமைத்துப் பரிமாறினான். வானம் இடிந்து விழவில்லை, வாலிபம் குறைந்துவிடவில்லை!

2025இல் வந்த 'வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்' என்ற கதையிலே ஒரு காட்சி. ஜெஜு தீவு. உணவு வேளை. ஆண்களுக்கு ஒரு மேசை. பெண்களுக்குத் தனியாக வேறொரு மேசை. புது மணமகன், பெரியோர் மேசையிலே அமர்ந்திருக்கிறான். உண்ணத் தொடங்கியவன், ஒரு சொல்லும் பேசாமல், பெரியோருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மனைவியின் பக்கம் முகம் வைத்து உண்கிறான். அவ்வளவுதான்! இசை முழக்கமில்லை; மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. ஆனால், அந்த ஒரு திரும்பலிலே ஆயிரமாண்டு வழக்கம் ஆட்டம் காண்கிறது. ஆண்கள் உண்டு எழுந்தபின், எஞ்சியதை அடுக்களையிலே அமர்ந்து உண்ணும் தாய்மார் நம் வீடுகளில் இன்னும் இருக்கின்றனரே! அந்தக் காட்சிக்கு மெய்சிலிர்த்த வாலிபத் தோழா, இன்றிரவு உன் வீட்டிலே யார் பரிமாறினார்? யார் கடைசியிலே உண்டார்? மெய்சிலிர்ப்பு உன் இலைவரை வந்ததா?

இனி, 'வேண்டும்' என்ற சொல்லுக்கு வருவோம். இங்கேதான் நம் நெஞ்சு நடுங்குகிறது.

கொரியாவிலே, ஒரே குடும்பப்பெயரும் ஒரே பூர்வீக ஊரும் கொண்டோர், எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும், மணக்கக்கூடாது என்று சட்டம் தடுத்திருந்தது. கிம்ஹே ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட கிம் மரபினர் மட்டுமே பல இலட்சம் பேர். முன்பின் அறியாத இருவர் காதலித்தபின், பெயரைக் கேட்டுப் பிரியவேண்டிய நிலை! பிரியாதோர், பதிவின்றியே வாழ்ந்தனர். 1978, 1988, 1996 ஆகிய ஆண்டுகளில் தற்காலிகச் சட்டம் போட்டு, அந்தந்த ஓராண்டில் மட்டும் பதிவு செய்துகொள்ள அனுமதித்தது அரசு. 1997இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையையே செல்லாது என்றது.

அங்கே, ஒரே குலத்தார் மணக்கக்கூடாது என்றது சட்டம். சட்டம் வீழ்ந்ததும் தடை வீழ்ந்தது. இங்கே, வேறு குலத்தார் மணக்கக்கூடாது என்கிறது சாதி. சட்டமோ மணக்கலாம் என்கிறது! சிறப்புத் திருமணச் சட்டம் 1954இல் வந்தது. புரோகிதர் இன்றி, மந்திரம் இன்றி, மாலை மாற்றி மணந்துகொள்ளும் சுயமரியாதைத் திருமணத்தை, 1967இல் அண்ணா தலைமையிலான அரசு சட்டமாக்கியது. வயது வந்த இருவர் மணந்துகொள்ள, குடும்பத்தின் அனுமதியோ குலத்தின் அனுமதியோ தேவையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உரைத்தது. ஊரறிய விழா எடுத்தால்தான் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்பதில்லை என்று 2023 ஆகஸ்டில் அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. ஏட்டிலே எல்லாம் இருக்கிறது. வீட்டிலே?

நம் மாவட்டத்திலேயே, விருத்தாசலத்துக்கு அருகே, புதுக்கூரைப்பேட்டை. 2003ஆம் ஆண்டு. படித்த இளைஞர் ஒருவர், ஒடுக்கப்பட்ட வகுப்பினர்; பொறியியல் பட்டதாரி. பெண், அவ்வூரின் செல்வாக்குள்ள சாதிக் குடும்பத்தவர். மே மாதம் கடலூரிலே பதிவுத் திருமணம் செய்துகொண்டனர். ஜூலையிலே பிடிபட்டனர். இருவருக்கும் நஞ்சூட்டினர், உடல்களை எரித்தனர். ஊரார் பார்வையிலே! கொன்றோரிலே பெண்ணின் இரத்த உறவினரும் இருந்தனர். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2021 செப்டம்பரில். பதினெட்டு ஆண்டு கழித்து! உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது 2025 ஏப்ரலில். இருபத்திரண்டு ஆண்டு கழித்து! வழக்கைத் திரித்துப் பொய்ச்சான்று உருவாக்கிய குற்றத்துக்காகத் தண்டனை பெற்றோரிலே காவல்துறையினரும் உண்டு. சட்டத்தைக் காக்கும் சீருடை, சாதியைக் காத்து நின்றது!

அந்தப் பெண் செய்த பிழை என்ன? 'வேண்டும்' என்று சொன்னது!

பரங்கிமலையிலே 'வேண்டாம்' என்றவளுக்குச் சாவு. புதுக்கூரைப்பேட்டையிலே 'வேண்டும்' என்றவளுக்குச் சாவு. பின்தொடரும் ஒருதலைக் காதலனும், பிரித்துக் கொல்லும் சாதி உறவினனும் எதிரெதிர்த் துருவங்கள் என்று எண்ணுகிறோம். இல்லை! இருவரும் ஒரே பள்ளியிலே படித்தவர்கள். பெண்ணின் சொல்லுக்குப் பெறுமதி இல்லை என்பதே அந்தப் பள்ளியின் பாடம். ஒருவன், அவள் எனக்குரிய பொருள் என்கிறான். மற்றவன், அவள் எங்கள் குலத்துக்குரிய பொருள் என்கிறான். அவள் பொருளே அல்ல, மனிதப் பிறவி என்று இருவரிடமும் சொல்லத்தான் ஆளில்லை!

2025 அக்டோபரில், சாதி ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய, ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைப்பதாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால், சட்டம் வந்து வாயிலிலே நிற்கும். கதவைத் திறக்கவேண்டியது வீட்டிலுள்ளவர் அல்லவா?

இப்போது அந்தத் திண்ணைக்குத் திரும்புவோம். சீமான் வீட்டுத் தாய், சலவைக்கடைக்காரர் மகளை ஏற்க மறுக்கிறாள், திரையிலே. "பாவி! பணத்திமிரைப் பாரு!" என்று திட்டுகிறது வீடு முழுவதும். ஆயா திட்டுகிறாள், அம்மா திட்டுகிறாள், அண்ணன்கூட எட்டிப் பார்த்துத் திட்டுகிறான். அதே வீட்டுப் பெண், "எனக்கு அடுத்த தெருப் பையனைப் பிடித்திருக்கிறது" என்று ஒரு நாள் சொல்லட்டும். சியோல் சீமாட்டியைத் திட்டிய வாய்கள் என்ன சொல்லும்? திரையிலே காதலுக்குத் தோரணம். தெருவிலே காதலுக்குத் துடைப்பம்! கொரியச் சலவைக்காரர் மகளுக்குக் கண்ணீர். நம்மூர்ச் சலவைத் தொழிலாளி மகளுக்குத் தனிக் குவளை! இதற்குப் பெயர் கலைச்சுவையா, கபட நாடகமா?

"வெறும் பொழுதுபோக்குக்கு இத்தனை பெரிய வழக்கா?" என்பர் சிலர். பொழுது போகிறது, உண்மை. ஆனால், போகும் பொழுது வெறுங்கையோடா போகிறது? எது காதல், எவள் நல்லவள், எவன் ஆண்மகன் என்ற கருத்தையல்லவா நம் பிள்ளைகளின் நெஞ்சிலே விதைத்துவிட்டுப் போகிறது! இந்த ஊர் மக்களுக்கு விதையின் மதிப்பைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2023 ஜூலையில், பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, வளர்ந்து நின்ற நெற்பயிரின் மேலே இயந்திரங்கள் இறங்கியபோது, வளையமாதேவி வரப்பிலே நின்று கதறியோர் அறிவர், விதைத்தது என்ன, இழந்தது என்ன என்று. வயலிலே ஒரு பயிர் சாய்ந்தால் ஊர் கூடிக் கேட்கிறோம். வீட்டிலே ஒரு மகளின் சொல் மிதிபட்டால், ஏன் கூடுவதில்லை?

தொடரைத் தடை செய் என்று கூறவில்லை நாம். தடை என்பது தோற்றவனின் ஆயுதம். பாருங்கள்! குடும்பத்தோடு பாருங்கள்! ஆனால், ஒவ்வொரு கதைக்கும் இரண்டே கேள்வி கேளுங்கள். அவள் 'வேண்டாம்' என்றாள், நின்றானா? அவள் 'வேண்டும்' என்றாள், விட்டார்களா? இவ்விரு கேள்விக்கும் விடை சொல்லும் கதையைக் கொண்டாடுங்கள்; விடை சொல்லாத கதையை, அதன் நாயகன் எத்தனை அழகனாயினும், விசாரணைக் கூண்டிலே ஏற்றுங்கள். பிறகு, அதே இரண்டு கேள்வியை உங்கள் வீட்டுக் கூடத்திலே நின்று கேளுங்கள். நண்பன் ஒருத்தியைப் பின்தொடர்ந்தால், தோளிலே கைபோட்டு ஊக்கமூட்டாதீர்; தடுத்து நிறுத்துங்கள். இருவர் மனமொத்துப் பதிவு அலுவலகம் செல்லத் துணிந்தால், சாட்சிக் கையெழுத்துக்கு ஓடி ஒளியாதீர். எழுதுகோலோடு முன்னே நில்லுங்கள். ஆயிரம் கண்ணீர்த் துளியினும் அந்த ஒரு கையெழுத்து மேலானது!

நம் மண்ணைக் குடைந்தெடுத்த பழுப்பு நிலக்கரி, நெய்வேலியிலே எரிந்து மின்சாரமாகி, ஊரூராய்ச் செல்கிறது; அந்த மின்சாரத்திலேதான் அந்தச் சின்னக் கண்ணாடியும் ஒளிர்கிறது. ஒளி இங்கிருந்து போகிறது; இருள் இங்கேயே தங்கிவிடவேண்டுமா?

மணிக்கட்டை விடுங்கள், மனத்தைக் கேளுங்கள். 'விடு' என்று மூன்று முறை சொன்னாளே அந்தக் குழந்தை, அவளுக்கு நாம் தரவேண்டிய பதில் ஒன்று பாக்கி இருக்கிறது. அடுத்த முறை அவள் ஒரே ஒரு முறை சொன்னால் போதும், ஊரே கேட்கும் என்ற நிலையைப் படைப்பதே அந்தப் பதில்!